ராஜினாமா செய்தால் பதில் சொன்னதாகிவிடுமா?

ஏதோ ஓர் ஊரில் பாலம் இடிந்து விழுகிறது. அன்று மாலைக்குள் என்னென்ன சொற்கள் காதில் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். "தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலக வேண்டும்." "உயர்மட்ட விசாரணைக்கு உத்தரவு." "தவறு செய்தவர்கள் யாராக இருந்தாலும் நடவடிக்கை பாயும்." "இரண்டு இன்ஜினியர்கள் சஸ்பெண்ட்." "ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

ராஜினாமா, விசாரணை, தண்டனை, சஸ்பெண்ட், வருத்தம். ஐந்தும் வேறுவேறு சங்கதிகள். பேச்சில் மட்டும் ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பொறுப்பேற்றல்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஏதாவது ஒன்று நடந்தால் எல்லாமே நடந்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. பதவியில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப வசதி. ஐந்தில் எது மலிவோ அதைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இந்தக் கூட்டத்தில் காணாமல் போவது ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பொறுப்புக்கூறல். இலங்கைத் தமிழ்ச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். தமிழ்நாட்டில் 'பொறுப்புடைமை' என்றும் எழுதுகிறார்கள். நான் முதல் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் 'கூறல்' இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும் என்பது சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது.

## பொதுப்பணம் வைத்திருந்த நண்பர்

நண்பர்கள் ஐந்து பேர் ஒரு வாரம் சுற்றுலா போகிறார்கள். ஆளாளுக்குச் செலவு செய்து குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று எல்லோரும் சமமாகப் பணம் போட்டு ஒருவரிடம் கொடுத்துவைக்கிறார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொல்கிறார்: "பணம் தீர்ந்துபோச்சு."

மற்ற நால்வருக்கும் வாயில் வரும் முதல் கேள்வி, "எப்படிடா தீர்ந்துச்சு?" அவ்வளவுதான்.

இதற்கு அவர் மூன்று விதமாக நடந்துகொள்ளலாம். "மன்னிச்சுக்கோங்கடா, முழுக்க என் தப்புதான்" என்று கண்கலங்கலாம். "இனிமே பணத்தை வேற யார்கிட்டயாவது கொடுங்க, நான் விலகிக்கிறேன்" என்று எழுந்து போகலாம். அல்லது உட்கார்ந்து, பையில் கசங்கிக் கிடக்கும் பில்களை எடுத்துப் பரப்பி, "இது முதல் நாள் அறை வாடகை, இது வண்டிக்கு, இதுக்கு பில் கிடையாது, இங்கே நான் ஏமாந்துட்டேன்" என்று வரிவரியாகச் சொல்லலாம்.

முதல் இரண்டும் பார்க்கப் பெருந்தன்மையாக இருக்கும். மூன்றாவதுதான் சங்கடம். நடுவில் குறுக்குக் கேள்வி வரும், குரல் உயரும், பாதியில் "அப்ப என்னைத் திருடன்னு சொல்றியா?" என்று ஒரு சண்டைகூட வரலாம். ஆனால் அந்தச் சங்கடம் நடந்தால்தான் விஷயம் தெரியும். அவர் பணத்தை எடுத்துக்கொண்டாரா, யாரிடமோ ஏமாந்தாரா, இல்லை, ஆளுக்கு இவ்வளவு போதும் என்று ஐவரும் சேர்ந்து போட்ட கணக்கே முதலில் தப்பா? கடைசியாகச் சொன்னதுதான் உண்மை என்றால் அது ஐந்து பேரின் தவறு. மன்னிப்பையும் விலகலையும் ஏற்றுக்கொண்டு எழுந்துவிட்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த சுற்றுலாவுக்கும் அதே தொகையைத்தான் போடுவார்கள்.

## மூன்று கால் முக்காலி

அந்த மேசையில் நடந்ததைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மூன்று உறுப்புகள் தெரியும்.

அதிகாரத்தை ஒப்படைக்கப் பெற்றவர், தான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் காரணத்தோடு விளக்கிச் சொல்ல வேண்டும். இது அவருடைய தயவு கிடையாது, கடமை. அவர் எதிரில் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். சும்மா தலையாட்டிக் கேட்பவர் போதாது, சொன்னதை நம்பாமல் "பில் எங்கே?" என்று திருப்பிக் கேட்கும் உரிமை உள்ளவர். அப்படிக் கேட்கும் இடத்தை 'மன்றம்' என்று வைத்துக்கொள்வோம். அது நாடாளுமன்றமாக இருக்கலாம், நீதிமன்றமாக இருக்கலாம், தணிக்கையாளர் மேசையாகவும் இருக்கலாம். அப்புறம், கேட்டு முடித்தபின் மன்றம் ஒரு முடிவுக்கு வந்து, அதற்கு ஏதாவது ஒரு விளைவு இருக்க வேண்டும். பாராட்டு, கண்டிப்பு, பதவி நீக்கம், இழப்பீடு, விதி மாற்றம், எதுவாகவும் இருக்கலாம்.

பதில், கேள்வி, விளைவு. மூன்றும் சேர்ந்ததுதான் பொறுப்புக்கூறல். முக்காலியில் ஒரு கால் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி கேட்க ஆளில்லாமல் பதில் மட்டும் இருந்தால் அது அறிக்கை. தலைவர் எழுதிவைத்ததை வாசித்துவிட்டு நிருபர்கள் கையைத் தூக்குவதற்குள் எழுந்து போகிறாரே, அது. பதிலும் கேள்வியும் இருந்து விளைவு இல்லாவிட்டால் அது விவாதம். பதில் வாங்காமலே விளைவு மட்டும் வந்தால் அது பழிவாங்கல், அல்லது பலிகொடுத்தல். அந்த இரண்டு இன்ஜினியர்களின் சஸ்பெண்ட் பெரும்பாலும் இந்தக் கடைசி வகை.

மொழியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. "தவறு நிகழ்ந்துவிட்டது" என்ற வாக்கியத்தைக் கவனித்திருப்பீர்கள். தவறே எழுவாயாகி, தானாக வந்து, தானாக நிகழ்ந்துவிட்டுப் போயிருக்கும். செய்தவருக்கு அந்த வாக்கியத்தில் இடமே இருக்காது. அறிக்கையில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால், எழுதிய ஆள் இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## பதவி விலகினால்?

தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் அரியலூர். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே அவர் ராஜினாமா கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதால் இல்லை, அரசியல் சட்ட மரபுக்கு ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்பதால்தான் ஏற்கிறேன் என்றும் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

சாஸ்திரியின் செயலை நான் குறைத்துப் பேச வரவில்லை. நாற்காலியை விட மனசு வேண்டும். ஆனால் நேரு சொன்னதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ராஜினாமாவுக்கும் காரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ராஜினாமா நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில்கூட வரும். அந்தப் பாலத்துக்கு என்ன குறை இருந்தது, யார் கடைசியாகப் பார்த்தார்கள், அதே மாதிரிப் பாலங்களை அப்புறம் என்ன செய்தார்கள் என்று கேட்டால் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

இன்னொரு கதை நெதர்லாந்தில் நடந்தது. அங்கே குழந்தைப் பராமரிப்புக்கு அரசு உதவித்தொகை கொடுக்கிறது. பல்லாயிரம் பெற்றோர்களை மோசடிக்காரர்கள் என்று வரித்துறை தவறாக முத்திரை குத்தி, கொடுத்த தொகை முழுவதையும் திருப்பிக் கேட்டது. படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதுகூடக் காரணமானது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் கூடுதலாகச் சந்தேகிக்கப்பட்டார்கள். பல குடும்பங்கள் கடனில் மூழ்கின. நாடாளுமன்றக் குழு விசாரித்து அறிக்கை கொடுத்ததும், 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேவின் அமைச்சரவை மொத்தமாகப் பதவி விலகியது. அவர் சைக்கிளில் அரண்மனைக்குப் போனதைப் படம்பிடித்துப் போட்டார்கள். இரண்டே மாதத்தில் தேர்தல் வந்தது. ருட்டேயின் கட்சியே அதிக இடங்களைப் பிடித்தது. அடுத்த பிரதமரும் ருட்டேதான்.

இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. மக்கள் வாக்களித்தார்கள், வந்தார். ஆனால் ராஜினாமாவை மட்டும் வைத்துப் பொறுப்பை அளந்தால் அளவுகோல் எவ்வளவு நெளியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கே உருப்படியாக நடந்தது ராஜினாமாவுக்கு முன்னால் நடந்த விசாரணைதான். அமைச்சர்களையும் அதிகாரிகளையும் சத்தியப்பிரமாணம் செய்யவைத்து நேரலையில் கேள்வி கேட்டார்கள்.

இதுவரை பார்த்ததைக் கோத்துப் பார்த்தால்: மன்னிப்பும் ராஜினாமாவும் பொறுப்புக்கூறலின் கடைசியில் வரக்கூடிய விளைவுகள். முதலிலேயே வந்துவிட்டால் பல சமயம் பதிலைத் தடுக்கும் கதவாகிவிடும்.

## யாரிடம் பதில் சொல்வது?

"தேர்தலில் மக்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று அடிக்கடி கேட்கிறோம். மக்கள் மேலே இருப்பவர்களைக் கேட்பதை 'செங்குத்துப் பொறுப்புக்கூறல்' என்கிறார்கள். தேர்தல் அதில் பெரிய ஆயுதம்தான். ஆனால் கூர்மையில்லாத ஆயுதம். ஒரே ஒரு வாக்கை வைத்துக்கொண்டு ஐந்து வருடத்தின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் மார்க் போட வேண்டும். பாலத்துக்காக ஒருவரைத் தோற்கடிக்க நினைத்தால், அவர் கட்டிய ஆஸ்பத்திரியையும் சேர்த்துத்தான் தோற்கடிக்க வேண்டியிருக்கும். போதாததற்கு, வாக்குச்சீட்டில் "ஏன்?" என்று எழுத இடமில்லை.

அதனால்தான் 'கிடைப் பொறுப்புக்கூறல்' தேவைப்படுகிறது. ஓர் அரசு அமைப்பை இன்னோர் அரசு அமைப்பே கேள்வி கேட்பது. நீதிமன்றம், தணிக்கை, நாடாளுமன்றக் குழுக்கள் எல்லாம் இதில் சேரும். குடிமக்களின் புகாரை வாங்கி அதிகாரிகளை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் என்ற பதவியை 1809இல் ஸ்வீடன் கொண்டுவந்தது. இன்று பல நாடுகளில் அது இருக்கிறது.

இந்த அமைப்புகளில் எல்லாம் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: கேட்பவரின் பிழைப்பு பதில் சொல்பவரின் கையில் இருக்கிறதா? இந்தியாவில் அரசின் கணக்கைத் தணிக்கை செய்பவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அவருடைய அறிக்கையை நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு எடுத்துப் பரிசீலிக்கிறது. 1967 முதல் அந்தக் குழுவின் தலைவராக எதிர்க்கட்சி உறுப்பினரை வைப்பது வழக்கம். சின்ன ஏற்பாடுதான். ஆனால் பணத்தைச் செலவழித்தவர்களே கணக்குப் புத்தகத்தை மூடிவைக்க முடியாது என்பதை உறுதிசெய்ய அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

## பல கைகள் பட்ட தவறு

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம். சுற்றுலாவில் பணம் ஒருவர் கையில் இருந்தது. அரசாங்கத்திலும் பெரிய நிறுவனங்களிலும் அப்படி இருக்காது. ஒருவர் எழுதுவார், ஒருவர் பரிசீலிப்பார், ஒருவர் கையெழுத்துப் போடுவார், ஒப்பந்தக்காரர் செய்வார், இன்னொருவர் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்துவார். ஏதாவது இடிந்து விழுந்தால் ஒவ்வொருவர் கையிலும் தவறின் ஒரு துண்டுதான் இருக்கும். "எனக்கு மேலிருந்து உத்தரவு" என்பார் கீழே இருப்பவர். "என் கவனத்துக்கு வரவில்லை" என்பார் மேலே இருப்பவர். இரண்டுமே உண்மையாகக்கூட இருக்கலாம். இதற்குப் 'பல கைச் சிக்கல்' என்று பெயர்.

பிரிட்டனின் அஞ்சல் அலுவலக விவகாரத்தில் இதை அருகில் நின்று பார்க்கலாம். அங்கே சின்ன அஞ்சலகக் கிளைகளைத் தனிநபர்கள் ஒப்பந்தத்தில் நடத்துகிறார்கள். 1999 முதல் அந்தக் கிளைகளில் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். செய்துகொடுத்தது ஃபுஜிட்சு நிறுவனம். அந்த முறையில் பிழைகள் இருந்தன. கல்லாவில் பணம் சரியாக இருக்கும், திரையில் மட்டும் குறையும். ஒப்பந்தப்படி குறையும் தொகையைக் கிளை நடத்துபவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும்.

ஒரு மாலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். கடையைச் சாத்திவிட்டுக் கணக்கை முடிக்க உட்காருகிறார் ஒரு பெண். நோட்டுகளை மூன்று தடவை எண்ணுகிறார். திரை வேறு எண்ணைக் காட்டுகிறது. உதவி எண்ணைக் கூப்பிடுகிறார். அந்தப்பக்கம் சொன்னபடி ஒவ்வொரு பொத்தானாக அழுத்துகிறார். குறைவு அவர் கண்முன்னாலேயே இரண்டு மடங்காகிறது. "வேறு யாருக்கும் இப்படி வரவில்லை, உங்களுக்கு மட்டும்தான்" என்கிறது உதவி எண். இந்த வாக்கியத்தைத்தான் நாடு முழுக்கப் பலரிடம் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டுமே மாட்டிக்கொண்டதாக நம்பி, வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் நீதிமன்றத்தில் நின்றார்கள்.

1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். கர்ப்பிணியாக இருந்த ஒருவர் 2010இல் சிறைக்குப் போனார். சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். நம் முக்காலியை இங்கே வைத்துப் பாருங்கள். பணம் காணோம் என்று புகார் சொன்னது அஞ்சல் அலுவலகம். விசாரித்தது அதே அஞ்சல் அலுவலகம். பெரும்பாலான வழக்குகளில் குற்றம் சாட்டியதும் அவர்களேதான். பிரிட்டன் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று நீதிமன்றமும் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் கடைக்காரர் தலையில். அதிகாரம் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அதிகாரம் இல்லாதவர்களோ கேள்விமேல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொறுப்புக்கூறல் தலைகீழாக ஓடியது.

இது எப்படி வெளியே வந்தது என்பதும் கவனிக்க வேண்டிய கதை. 2009இல் கம்ப்யூட்டர் வீக்லி என்ற தொழில்நுட்ப இதழ் ஏழு பேரின் அனுபவத்தை வெளியிட்டது. 'எனக்கு மட்டும்' என்பது அன்றைக்கு உடைந்தது. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் கிளை நடத்துநர் மற்றவர்களைத் திரட்டினார். 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கணினியில் பிழைகள் இருந்தன, கிளைக் கணக்குகளை வெளியிலிருந்தே மாற்றவும் முடிந்தது என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்துசெய்தது. 2024 ஜனவரியில் இந்தக் கதை தொலைக்காட்சித் தொடராக வந்தபிறகு, மீதிப் பேரையும் விடுவிக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். முதல் கணினி வைத்து 25 வருடம் ஆகியிருந்தது.

அதற்குள் அமைச்சர்கள் பலர் மாறிவிட்டார்கள், தலைமை அதிகாரிகள் மாறிவிட்டார்கள். பொது விசாரணையில் மேலதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தபோது, "எனக்கு அப்படிச் சொல்லப்படவில்லை" என்பதும் "நினைவில்லை" என்பதும் திரும்பத்திரும்பக் கேட்டன. பல கைச் சிக்கலுக்குத் தீர்வே இல்லையா என்றால், ஓரளவு உண்டு. 'உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்பதோடு நிற்காமல், 'உங்களுக்குத் தெரியவரும்படி என்ன ஏற்பாடு செய்துவைத்திருந்தீர்கள்?' என்று கேட்க வேண்டும். மேலே இருப்பவரின் வேலையே அந்த ஏற்பாடுதான். தெரியாது என்பது அவர் விஷயத்தில் சாக்கு ஆகாது.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வோம். கேட்பவர் சுதந்திரமாக இருக்க வேண்டும். பல பேர் சேர்ந்து செய்த தவறில் தனித்தனியாகத் துண்டுகளைக் கேட்டால் போதாது, துண்டுகளைச் சேர்த்துவைக்க வேண்டியவர் யார் என்று கேட்க வேண்டும். ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒன்று தேவை: காகிதம்.

## பில் இல்லாமல் கேள்வி இல்லை

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் ஒரு கூட்டம். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு ஏற்பாடு செய்தது. அருணா ராய் அதன் நிறுவனர்களில் ஒருவர். அரசு வேலைத் திட்டங்களில் யார் யாருக்குக் கூலி கொடுத்ததாக எழுதியிருக்கிறது என்ற பதிவேட்டை மக்கள் முன்னால் உரக்க வாசித்தார்கள். பேச்சு கிடையாது, கோஷம் கிடையாது, பெயர்கள்தான். இப்படி நடந்த கூட்டங்களில் வேலைக்கே போகாதவர்களின் பெயர் வந்தது, இறந்துபோனவர்களின் பெயர் வந்தது. காகிதத்தில் கட்டி முடித்திருந்த கட்டடங்களை ஊரில் யாரும் பார்த்திருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அன்றைக்குத் தணிக்கையாளர்கள் ஆனார்கள். ஏனென்றால் செத்தவர் யார், உயிரோடு இருப்பவர் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

"எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற அந்தக் குரல்தான் வளர்ந்து 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. கேட்ட தகவலை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் ஒரு நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அந்தத் தகவல் அதிகாரியே தன் கையிலிருந்து அபராதம் கட்ட வேண்டும். துறை கட்டாது. பல கைகளில் ஒரு கையைப் பிடித்து 'இது உன் வேலை' என்று பெயர் எழுதிய விதி இது. ஆனால் அபராதம் அந்தத் தகவல் அதிகாரியோடு நின்றுவிடுகிறது, கொடுக்காதே என்று வாய்மொழியாகச் சொன்ன மேலதிகாரியை எட்டுவதில்லை என்பது என் குறை.

## தண்டனை கூடினால் உண்மை குறையுமா?

"எல்லோரையும் உள்ளே தூக்கிப் போட்டால் சரியாகிவிடும்" என்று டீக்கடையிலிருந்து டிவி வரை பேசுகிறோம். கோபம் நியாயமானது. ஆனால் இங்கே ஓர் இழுபறி உண்டு. உண்மையைச் சொன்னால் தலை போகும் என்று தெரிந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். முக்காலியின் விளைவுக் கால் ரொம்ப நீண்டால் பதில் கால் மேலே தூக்கிக்கொள்ளும்.

விமானத் துறை இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. விமான விபத்தை ஆராயும் தொழில்நுட்ப விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது இல்லை என்று சர்வதேச விதியே இருக்கிறது. குற்ற விசாரணை வேண்டுமானால் அதைத் தனியாக நடத்திக்கொள்ளலாம். தான் செய்த தவறை விமானியே ரகசியமாக எழுதி அனுப்பும் ஏற்பாடு ஒன்றை அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்திவருகிறது.

தென்னாப்பிரிக்கா இன்னும் தூரம் போனது. நிறவெறி ஆட்சி முடிந்தபின், டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தை அமைத்தார்கள். அரசியல் காரணத்துக்காகச் செய்த குற்றத்தை ஒளிவுமறைவில்லாமல் வெளிப்படையாகச் சொன்னால் பொதுமன்னிப்பு கிடைக்கும். 7,000க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். 849 பேருக்கு மட்டும் மன்னிப்பு கிடைத்தது. பிள்ளையைக் கொன்றவர் எதிரில் உட்கார்ந்து எப்படிக் கொன்றேன் என்று சொல்வதைத் தாய்மார்கள் கேட்டார்கள். சில குடும்பங்களுக்குப் புதைத்த இடம் அப்போதுதான் தெரிந்தது. தண்டனையை விட்டுக்கொடுத்து பதிலை வாங்கினார்கள். அது நியாயமா என்று அங்கே இன்னும் விவாதிக்கிறார்கள். என் பார்வையில் ஒப்பந்தத்தின் முதல் பாதியைவிட இரண்டாம் பாதிதான் கோணலாகிப்போனது. மன்னிப்புக் கிடைக்காதவர்கள் மேலும் விண்ணப்பிக்கவே விரும்பாதவர்கள் மேலும் வழக்கு வந்திருக்க வேண்டும். மிகச் சிலர்மேல்தான் வந்தது. வாய் திறக்காமல் இருந்தவர்களுக்கு நஷ்டமே இல்லாமல் போனது.

## போன பிறகும் கேட்கலாமா?

"அவர்தான் பதவியில் இல்லையே, விடுங்கள்" என்பது அடுத்த சமாளிப்பு. பழைய ஏதென்ஸில் இது எடுபட்டிருக்காது. பதவிக்காலம் முடிந்த ஒவ்வொருவரும் 30 நாளுக்குள் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். கேட்பவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். கணக்கு முடிந்தாலும், "இவர்மேல் குற்றம் சாட்ட விரும்புபவர் யார்?" என்று அறிவிப்பாளர் உரக்கக் கேட்பார். அதெல்லாம் முடியும்வரை அவர் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது, சொத்தை இன்னொருவர் பேரில் எழுதிவைக்கவும் முடியாது. ராஜினாமா அங்கே தப்பிக்கும் கதவாக இல்லை. பதில் சொல்லும் வேளை அப்போதுதான் தொடங்கியது.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். குடவோலையில் பெயர் எழுதத் தகுதி யாருக்கு, யாருக்கு இல்லை என்று அவை சொல்கின்றன. எல்லோருக்குமான சபை இல்லை அது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஒரு சிறிய வட்டத்தின் சபை. ஆனாலும் தகுதியில்லாதவர்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பிறர் பொருளைத் திருடியவருக்கு அதில் தனி வரி இருக்கிறது. அது போக இன்னொரு வரியும் இருக்கிறது: வாரியப் பொறுப்பில் இருந்துவிட்டு "கணக்குக் காட்டாதே இருந்தார்". அவர் திருடினாரா இல்லையா என்று கல்வெட்டு கேட்கவில்லை. கணக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். அவர் பெயரை ஓலையில் எழுத முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுத முடியாது.